படம் முடிந்த பிறகு 25 நிமிடம்: திரைப்பட விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவினருக்கு,

போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. இந்த ஆண்டிலிருந்து படம் முடிந்ததும் இயக்குநரோடு நடக்கும் கலந்துரையாடல் கிடையாதாம். அதற்குப் பதில், இயக்குநர் முன்கூட்டியே செல்போனில் பதிவு செய்து அனுப்பும் இரண்டு நிமிட வீடியோ படத்துக்கு முன்னால் ஓடும். நேரில் வரும் இயக்குநர்களுக்கு வாசலில் விளம்பரத் தட்டி முன்பு பொன்னாடை, ஒரு புகைப்படம். மிச்சமாகும் நேரத்தில் ஒவ்வொரு திரையிலும் தினம் ஐந்தாவது காட்சி. பார்வையாளர்கள் இன்னும் அதிகப் படங்கள் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியை என்னால் நம்ப முடியவில்லை. 12 ஆண்டுகளாக இந்தக் கோவை விழாவுக்கு டெலிகேட் பாஸ் வாங்குகிறேன். அதில் ஏழு ஆண்டுகள் நீங்களே அழைத்து, படம் முடிந்ததும் மேடையில் உட்கார்ந்து பேச்சை நடத்தச் சொன்னீர்கள். தன் வேலை போகிறதே என்று எழுதுகிறான் என்று சிலர் நினைக்கலாம். சம்பளமில்லாத வேலை; போனால் போகட்டும்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். போன ஆண்டு நேரில் வந்த இயக்குநர்கள் 11 பேர் என்று என் நோட்டில் இருக்கிறது. அட்டவணையில் ஒருவருக்கு 25 நிமிடம். மொத்தம் 275 நிமிடம், அதாவது நாலரை மணி நேரம் சொச்சம். ஆறு நாள், மூன்று திரை எல்லாம் சேர்த்தே இவ்வளவுதான். இதை மிச்சம் பிடித்தால் இரண்டு படம் கூடுதலாகப் போடலாம். நீங்களோ தினமும் திரைக்கு ஒன்று கூட்டியிருக்கிறீர்கள். அதற்கு இடம் எங்கிருந்து வந்தது என்று அட்டவணையைப் பார்த்தால் தெரிகிறது: மதிய இடைவேளையைச் சுருக்கி, கடைசிக் காட்சியை இரவு பத்தே காலுக்குத் தள்ளியிருக்கிறீர்கள். பேச்சை வெட்டாமலே ஐந்தாவது காட்சி நடக்கும். அப்படியிருக்க ஏன் வெட்டினீர்கள் என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

அந்த 25 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? குறை சொல்லவில்லை. விழா நாட்களில் நீங்கள் அலுவலக அறைக்கும் வரவேற்புக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். உள்ளே உட்கார நேரமிருக்காது. அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஐந்தாண்டுக்கு முன் ஒரு படம் வந்தது. விசைத்தறிக் கூடத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவரைப் பற்றியது. இயக்குநருக்கு முதல் படம், முப்பது வயதுகூட இருக்காது. நண்பர்களிடம் கடன் வாங்கி, வாடகைக் கேமராவில் எடுத்தது. படம் முடிந்து விளக்குப் போட்டதும் முதல் இரண்டு கேள்விகள் வழக்கமானவைதான்: பட்ஜெட் எவ்வளவு, எந்த ஓடிடியில் வருகிறது. மூன்றாவதாகப் பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். ஐம்பது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, காதோரம் முடியில் இரண்டு மூன்று பஞ்சுத் துணுக்கு. சோமனூர்ப் பக்கம் இருபது வருடமாகத் தறி ஓட்டுகிறவர். பாஸ் அவருடைய மகனுடையது. மகனால் வர முடியாததால் இவர் வந்திருந்தார். (உங்கள் விதிப்படி அது தப்பு. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அவர் சொன்னார்: “தம்பி, படம் நல்லா இருக்குதுங்க. ஆனா நாடாவுல தார் தீந்துபோயி அவரு தறிய நிறுத்தி மாத்துறாருல்லீங்க, அப்ப சத்தம் மாறவே இல்லீங்க. எட்டுத் தறி ஓடுற எடத்துல ஒண்ணு நின்னா எங்க காதுக்குத் தெரியும். திரும்பிப் பாக்காமயே எந்தத் தறின்னு சொல்லிப்போடுவோம்.”

(நாடா என்பது தறியில் இங்கும் அங்கும் ஓடும் ஓடம்; தார் என்பது அதற்குள் இருக்கும் நூல் சுற்றிய குச்சி.) அரங்கத்தில் சிரிப்பு. இயக்குநர் சிரிக்கவில்லை. “எப்படிண்ணா தெரியும்?” என்று கேட்டார்.

“சத்தத்துல ஒரு பள்ளம் உளுந்தாப்ல இருக்கும்ங்க.”

இயக்குநர் என்னிடம் பேனா கேட்டார். என் கையில் இருந்த அறிமுகக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பிறகு அவரே ஒப்புக்கொண்டார்: கூடத்து முதலாளி ஆயுத பூஜைக்கு மறுநாள் கூடம் மூடியிருந்தபோதுதான் உள்ளே விட்டாராம். ஒரே ஒரு தறியை ஓட்டிப் படம் எடுத்திருக்கிறார்கள். சத்தத்தை வேறொரு கூடத்தில் பதிவு செய்து, காட்சி முழுவதும் ஒரே நீளமாக ஓடவிட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் பத்து நிமிடம் மைக் அந்த இருவருக்கும் நடுவில்தான் போய் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒருங்கிணைப்பாளனாக நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து அந்தப் படம் இணையத்தில் வந்தபோது பார்த்தேன். தார் மாற்றும் காட்சியில் தறி நிற்கிறது. சத்தத்தில் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்துக்குள் பக்கத்து அறையில் குழந்தை இருமுவது கேட்கிறது. விழாவில் போட்ட பிரதியிலும் அந்த இருமல் இருந்திருக்கிறது. தறிச் சத்தம் மூடியிருந்ததால் எங்கள் யார் காதிலும் விழவில்லை. இரண்டு நிமிட வீடியோவை வைத்துக்கொண்டு இதை எப்படி நடத்துவீர்கள்? வீடியோவைப் பார்த்து அந்தத் தறிக்காரர் கையைத் தூக்க முடியுமா?

யூடியூபில்தான் இயக்குநர்கள் பேட்டி கொட்டிக் கிடக்கிறதே என்று உங்களில் ஒருவர் என்னிடம் போனில் சொன்னார். சரி, அவற்றையும் பார்ப்போம். அந்தப் பேட்டிகள் பெரும்பாலும் படம் வெளிவருவதற்கு முன்பு எடுக்கப்படுபவை. கேட்கிறவர் படம் பார்த்திருக்க மாட்டார். சொல்கிறவர் கதையைச் சொல்லக் கூடாது. ஆகவே இருவரும் சேர்ந்து படத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள்: தயாரிப்பாளர் எப்படிக் கிடைத்தார், ஷூட்டிங்கில் என்ன கலாட்டா, அடுத்து எந்த ஹீரோ. அது விளம்பரம். விளம்பரம் தப்பில்லை, சின்னப் படத்துக்கு அதுவும் வேண்டும். ஆனால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் படத்தின் கடைசிக் காட்சி வரை தெரிந்திருந்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் பேசிக்கொள்ளும் இடம் வேறு. நம் ஊரில் அதற்கு இருந்தது உங்கள் விழா ஒன்றுதான்.

அந்த இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2024 ஆகஸ்ட் 23 அன்று பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ தியேட்டருக்கு வந்தது. அதற்கு முன்பே பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் காட்டப்பட்ட படம். பின்னணி இசை கிடையாது. முடிவை நம் கையில் கொடுத்துவிட்டுப் படம் நின்றுவிடும். நான் பார்த்த காட்சியில் திரை இருண்டதும் பின்னாலிருந்து ஒரு குரல்: “அவ்ளோதானா?” நக்கலாகவும் கேட்கலாம், நிஜமாகவே தெரியாமலும் கேட்கலாம். என் காதில் அது இரண்டாவது வகையாகத்தான் விழுந்தது. பதில் சொல்ல முன்னால் யாரும் நிற்கவில்லை. கேட்டவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெளியே பார்க்கிங்கில் அவருடைய கேள்வி ஒரு தீர்ப்பாக மாறியிருந்தது. நாலைந்து பேர் அதையே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்கள்.

அதே இயக்குநரின் முதல் படம் ‘கூழாங்கல்’, 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருதை வாங்கியது. வெயிலில் ஓர் அப்பனும் மகனும் நடக்கிற படம். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தன் சகோதரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்ததிலிருந்து பிறந்த கதை அது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு படத்தை மறுபடி பார்த்தேன். நிஜத்தில் நடந்தவள் ஒரு பெண். படத்தில் அந்த நடையை அப்பனின் காலுக்கு மாற்றி, அதே வெயிலில் அவனை நடக்க வைத்திருக்கிறார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ நம் கோவையில் நடக்கிற கதை. ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளரின் ஒரு நாள். 2020இல் அதை முதலில் பார்த்தவர்கள் ராட்டர்டாம்காரர்கள். அங்கே ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதும் கொடுத்தார்கள். நம் தெருவை நமக்கு முன்னால் அவர்கள் பார்த்ததில் வருத்தமில்லை. அந்த மாதிரிப் படம் ஒன்று நாளை நம் விழாவுக்கு வந்தால், எடுத்தவரிடம் நாம் ஒரு வார்த்தைகூடக் கேட்க மாட்டோம் என்று நீங்கள் முடிவெடுத்திருப்பதுதான் வருத்தம். ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் திருவனந்தபுரம். அங்கே கேரள விழாவில் ஓபன் ஃபோரம் என்று தினமும் ஒன்று நடக்கிறது. இயக்குநரையும் விழா நடத்துகிறவர்களையும் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கிறார்கள். வெயிலில் நின்றுகொண்டு கேட்கிறார்கள். அதனால் அந்த விழாவின் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை.

நம் கலந்துரையாடல்கள் எல்லாமே பிரமாதமாக நடந்தன என்று சொல்ல மாட்டேன். “என் கேள்வியில மூணு பகுதி இருக்கு” என்று ஆரம்பித்து, தான் எழுதிய கவிதையை வாசித்துவிட்டு உட்காருகிறவர் ஒருவர் எல்லா ஆண்டும் வருகிறார், உங்களுக்கும் அவரைத் தெரியும். நானே ஒருமுறை ஆறு நிமிடம் அறிமுக உரை நிகழ்த்தியிருக்கிறேன். இயக்குநர் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஒரு பெண் இயக்குநரைப் பார்த்து ஒருவர், “ராத்திரியெல்லாம் ஷூட்டிங்னா உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறித்திருக்க வேண்டும். மறிக்கவில்லை. அவரே, “அவர்தான் யூனிட்டுக்கு சமையல். அடுத்த கேள்வி?” என்றார். கைதட்டல் விழுந்தது, நான் தப்பித்தேன். அன்று மேடையில் கேட்காத மன்னிப்பை இங்கே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் குறைகளுக்கெல்லாம் வழி, நல்ல ஒருங்கிணைப்பாளரைப் பிடிப்பது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது இல்லை.

போன ஆண்டு மூன்றாம் நாள் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். நாகர்கோவிலிலிருந்து ஓர் இயக்குநர் வந்திருந்தார். சொந்தக் காசில் பஸ் டிக்கெட். படம் இருந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்து, அந்தப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்ததாகச் சொன்னார். அவருக்கு ஒரு குழப்பம் இருந்தது. படத்தை வாங்கிக்கொள்ள முன்வந்த ஒருவர் 12 நிமிடத்தைக் குறைத்துத் தரச் சொல்லியிருந்தார். எதை வெட்டுவது, வெட்டத்தான் வேண்டுமா என்று முன்பின் தெரியாத ஆட்களிடம் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். பேச்சு ஆரம்பித்து ஆறாவது நிமிடத்தில் மைக் செத்துவிட்டது. பேட்டரி போய்விட்டதாக்கும் என்று தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற தன்னார்வலப் பையன் தலையைக் குனிந்துகொண்டு, “மேல இருந்து ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க சார்” என்றான். அவன் மேல் தப்பில்லை. அடுத்த படத்துக்கு 40 நிமிடம் இருந்தது. வாசலில் வரிசைகூட நிற்கவில்லை.

எதிரே டீக்கடைக்குப் போனோம். இருபது பேருக்கு மேல் இருப்போம். பெஞ்சில் இடமில்லாமல் பாதிப் பேர் சாக்கடை மூடிமேல் நின்றார்கள். பதினோரு மணிக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே பாத்திரம் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்டச் சொன்ன 12 நிமிடத்தில் நாலு நிமிடம் ஒரு கிணற்றடிக் காட்சி. இயக்குநர் அதைத்தான் முதலில் எடுத்துவிடலாம் என்றிருந்தார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், “எனக்கு அந்தப் பொண்ணு யாருன்னு புரிஞ்சதே அந்த எடத்துலதான். அதுவரைக்கும் அவ யாரோ ஒருத்தி. அதை எடுத்தா கடைசியில அவ அழறப்போ எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். அரைமணி நேரம் அதைப் பற்றியே சண்டை. காட்சி தப்பித்ததா என்று தெரிந்துகொள்ள நானும் காத்திருக்கிறேன், படம் இன்னும் வெளிவரவில்லை. அந்தப் பேச்சு உங்கள் அரங்கில், 200 பேர் முன்னால் நடந்திருக்க வேண்டியது. டீக்கடையில் இருபது பேரோடு நின்றது.

சரி, ஊகத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டுக்கு முன் ஓர் இயக்குநர் மேடையில் சென்சார் கதையைச் சொன்னார். எந்தெந்த வார்த்தையை மௌனமாக்கச் சொன்னார்கள் என்று பட்டியல் வாசித்தார். அங்கே சிரிப்பு. பிறகு அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை: முன்பெல்லாம் தணிக்கை வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2021இல் அதை ஒழித்துவிட்டார்கள். இப்போது நேராக உயர்நீதிமன்றம்தான். வக்கீலுக்குக் கொடுப்பதற்கு அவரிடம் காசில்லை, ஆகவே வெட்டிக்கொடுத்துவிட்டார். அரங்கில் இருந்த பாதிப் பேர் இதையெல்லாம் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் ஒருவர் அப்போது எழுந்து வெளியே போனார். அடுத்த ஆண்டு, கேள்விகளை முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்கச் சொன்னீர்கள். அதற்கடுத்த ஆண்டு மைக் ஆறு நிமிடத்தில் அணைந்தது. இந்த ஆண்டு மைக்கே இல்லை. மேடையில் யார் என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டித் தெரியாதது உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தப்பாக நினைத்திருந்தால் சொல்லுங்கள், இதே போலப் பகிரங்கமாகத் திருத்திக்கொள்கிறேன்.

இனி நான் கேட்பது. இயக்குநர் நேரில் வந்திருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் பழையபடி 25 நிமிடம் கொடுங்கள். அதைத் தனி நிகழ்ச்சியாக இல்லாமல் காட்சி நேரத்தோடு சேர்த்தே அட்டவணையில் அச்சிடுங்கள். அப்போதுதான் அடுத்த காட்சியைச் சாக்கு வைத்து யாரும் நிறுத்த முடியாது. ஐந்தாவது காட்சி கட்டாயம் வேண்டுமென்றால், இயக்குநர்கள் வரும் படங்களையெல்லாம் ஒரே திரைக்கு மாற்றி, அந்தத் திரையில் மட்டும் நாலு காட்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேள்விச் சீட்டு வேண்டாம். பார்வையாளர்கள் பக்கம் இரண்டு கம்பியில்லா மைக், அதைத் தூக்கிக்கொண்டு பின்வரிசை வரை போக இரண்டு பேர், இது போதும். பேச்சை நடத்துகிறவர் படத்தை முன்பே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும், அறிமுகம் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று விதியாகவே போடுங்கள். முதலில் என்மேலேயே அதை அமல்படுத்துங்கள். இல்லை, வேறு ஆளை வையுங்கள். பெண்கள் இருவர் நன்றாக நடத்துவார்கள், கேட்டால் சொல்கிறேன்.

வெளியூரிலிருந்து வரும் இயக்குநர்களுக்கு ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏசி டிக்கெட்டும் இரண்டு ராத்திரி தங்க அறையும் கொடுங்கள். பொன்னாடைக்கும் தட்டிக்கும் ஆகிற செலவிலிருந்து அதை எடுக்கலாம். பேச்சைக் குரலாகவாவது பதிவு செய்து, அந்த இயக்குநருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். போன ஆண்டு ஆறு நிமிடத்தில் மைக்கை அணைக்கச் சொன்னது யார், எதற்காக என்று அந்த நாகர்கோவில் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

அட்டவணை 20ஆம் தேதி அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெலிகேட்களை அழைத்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். இடம் கிடைக்கவில்லையென்றால் அந்த டீக்கடைக்காரரிடம் நான் பேசி வைக்கிறேன்.

இப்படிக்கு,
12 ஆண்டுகளாக உங்கள் டெலிகேட் பாஸ் வாங்குகிறவன்